ஒருநாள் நாரோபோட் வாடகை: அப்பா அம்மாவோடு பொன்ட்கசுல்தே போகலாமா?

வாசவி_லெஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா வந்திருக்காங்க, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் எங்களோடதான் இருப்பாங்க. லண்டன், எடின்பரோ எல்லாம் காட்டியாச்சு. அம்மாவுக்குப் பிடிச்சுது. அப்பா எங்க போனாலும் "சரி, பார்த்தாச்சு"ன்னு சொல்லிட்டு பெஞ்ச் தேடி உட்கார்ந்துடுறார்.

அவர் பொதுப்பணித்துறையில இருந்து ஓய்வு பெற்றவர். மதகு, கால்வாய், கலிங்குன்னா மட்டும் ஆள் வேற மாதிரி ஆயிடுவார். போன வாரம் யூட்யூப்ல வேல்ஸ்ல இருக்குற பொன்ட்கசுல்தே பாலத்தைப் பார்த்துட்டார். பள்ளத்தாக்குக்கு மேல பாலம், பாலத்துக்கு மேல தண்ணி, தண்ணி மேல படகு. அன்னையிலிருந்து "அது எப்படிம்மா ஒழுகாம நிக்குது?"ன்னு சாப்பாட்டு நேரத்துல எல்லாம் இதே கேள்வி.

அந்தப் பாலத்துகிட்டயே ஒருநாள் வாடகைக்கு நாரோபோட் (கால்வாய்ல போற ஒல்லியான, நீளமான படகு) கிடைக்குதாம். நாமளே ஓட்டணுமாம். இங்கதான் குழப்பம்.

நானும் என் வீட்டுக்காரரும் காரைத் தவிர எதையும் ஓட்டினதில்லை. லைசென்ஸ் வேணுமா? அப்பாவுக்கு வயசு 72, முட்டி வலி. அம்மாவுக்கு ரெண்டாவது மாடி பால்கனியில நின்னாலே தலை சுத்தும். பசங்க ரெண்டு பேர், சின்னவனுக்கு 5 வயசு, ஒரு இடத்துல நிக்க மாட்டான். படங்கள்ல பார்த்தா ஒரு பக்கம் கம்பித் தடுப்பு இருக்கு, இன்னொரு பக்கம் எதுவுமே இல்லை! இதுல குடும்பத்தோட போறது புத்திசாலித்தனமா? இல்லேன்னா எங்களுக்குப் பக்கத்துல ஃபாக்ஸ்டன் கால்வாய் இருக்கே, அங்கயே முடிச்சுக்கலாமா? போனவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மெல்லப்போ

லைசென்ஸ் வேண்டாம். படகுக்குத்தான் உரிமம் வேணும், அதை வாடகைக்கு விடுறவங்க எடுத்திருப்பாங்க. காலையில அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துட்டு சாவியைக் கையில குடுத்துடுவாங்க. நாங்க ஆபீஸ்ல எட்டுப் பேர் சேர்ந்து போனோம், ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது. யாரும் சாகலை :)

ஆனா ஃபாக்ஸ்டனை விடாதீங்க. உங்க வீட்டுல இருந்து அரை மணி நேரம்தானே. 10 லாக் (ரெண்டு பக்கமும் கதவு வெச்சு, தண்ணியை ஏத்தி இறக்கிப் படகை மேலயும் கீழயும் கொண்டுபோற தொட்டி) ரெண்டு படிக்கட்டா அடுக்கின மாதிரி இருக்கும், 75 அடி ஏத்தம். அப்பா ஒரு நாள் முழுக்க அங்கயே நிப்பார்.

இருபத்தோரு லாக்

வாசவி, முதல்ல உங்க அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. பொதுப்பணித்துறைக்காரரை அந்தப் பாலத்தைக் காட்டாம ஊருக்கு அனுப்பினா பாவம் உங்களைச் சும்மா விடாது.

நான் வுல்வர்ஹாம்ப்டன்ல இருக்கேன். 57 அடிப் படகு ஒண்ணுல எனக்கும் ஒரு பங்கு உண்டு, வருஷத்துல சில வாரம் அது என் கைக்கு வரும். அது வர்றதுக்கு முன்னாடி வாடகைப் படகுலதான் கத்துக்கிட்டேன். அதனால புதுசா வர்றவங்க எதுக்குப் பயப்படுவாங்க, எதுக்குப் பயப்படாம இருப்பாங்கன்னு ஓரளவு தெரியும். ரெண்டும் எப்பவுமே தலைகீழாத்தான் இருக்கும்.

நீங்க உயரத்துக்குப் பயப்படுறீங்க. பயப்பட வேண்டியது எடைக்கு.

பாலத்தை எடுத்துக்கோங்க. நீளம் 307 மீட்டர், ஆத்துக்கு மேல 38 மீட்டர். தண்ணி நிக்கிறது வார்ப்பிரும்புத் தொட்டியில. ஆட்கள் நடந்துபோற கரைப்பாதையும் அந்தத் தொட்டிக்கு உள்ளேயே, தண்ணிக்கு மேல தாங்கி நிக்குது. மிச்சம் இருக்குற இடத்துலதான் படகு போகணும். படகோட அகலம் 6 அடி 10 அங்குலம், ரெண்டு பக்கமும் சில அங்குலம்தான் மிச்சம். நீங்க டில்லரை (படகைத் திருப்புற கைப்பிடியை) விட்டுட்டுக் கை கட்டி நின்னாலும் படகு வேற எங்கயும் போக வழியில்லை. தொட்டியோட விளிம்பு தண்ணிக்கு மேல 15 சென்டிமீட்டர்தான் நிக்கும். அதனால தடுப்பு இல்லாத பக்கம் பார்த்தா படகு அந்தரத்துல தொங்குற மாதிரித்தான் தெரியும். அது கண்ணுக்குத்தான் பயங்கரம். கட்டின காலத்துலயே அந்தப் பக்கமும் கம்பி நடறதுக்குன்னு விளிம்புல ஓட்டை விட்டிருக்காங்க, இன்னைவரைக்கும் யாரும் நடலை.

அந்த 307 மீட்டருக்குச் சின்னவன் கேபினுக்குள்ள இருக்கணும், கதவு சாத்தியிருக்கணும், கூட ஒரு பெரியவங்க இருக்கணும். இதுல பேரம் கிடையாது. அம்மாவுக்கு ரெண்டு வழி இருக்கு. உள்ள உட்கார்ந்து கரைப்பாதைப் பக்க ஜன்னல் வழியா மட்டும் பார்க்கலாம், அங்க நடந்து போறவங்க காலும் கம்பியும்தான் தெரியும். இல்லேன்னா இக்கரையிலேயே இறங்கி இருந்துட்டு, திரும்பி வரும்போது ஏறிக்கலாம்.

இப்ப எடைக்கு வர்றேன். என் படகு 15 டன்னுக்கு மேல. நாள் வாடகைப் படகு அதைவிடக் குட்டை, எடையும் குறைவுதான், ஆனாலும் டன் கணக்குதான். மனுஷன் நடக்கிற வேகத்துல போகுதேன்னு எல்லாரும் அதை பொம்மையா நினைச்சுடுறாங்க. பாலச்சுவர் நெருங்கி வரும்போது, மோதிடுமேன்னு காலை நீட்டித் தள்ளப் பார்ப்பாங்க. எங்களுக்கு முன்னாடி போன படகுல ஒருத்தர் இப்படித்தான் செஞ்சார். ஷூ கால்வாயோட போயிடுச்சு, கால் தப்பினது அவர் அதிர்ஷ்டம். படகு இடிச்சா இடிக்கட்டும், அதுக்காகத்தான் சுத்திவர இரும்புப் பட்டை வெச்சிருக்காங்க. கை, கால், தலை எதுவும் படகோட விளிம்பைத் தாண்டக் கூடாது. படகுக்கும் கல்லுக்கும் நடுவுல எலும்பு நிக்காது. இந்த ஒண்ணை மட்டும் பசங்களுக்கு மனப்பாடம் பண்ணிவிட்டுடுங்க. கூரைமேல யாரும் உட்காரவும் வேண்டாம், பழைய பாலங்கள் ரொம்பத் தாழ்வு.

ஓட்டறது எப்படின்னு காலையில சொல்லித்தருவாங்க, ஆனா அரை மணி நேரத்துல பாதி காதுல ஏறாது. அதனால முன்கூட்டியே சிலது.

டில்லரை இடது பக்கம் தள்ளினா மூக்கு வலது பக்கம் போகும். இது பத்து நிமிஷத்துல கைக்குப் பழகிடும். பழகாதது வேற: படகு கிட்டத்தட்ட நடுவுல இருந்து சுழலும். மூக்கு வலது பக்கம் போறப்ப வால் இடது பக்கம் வீசும். காரை ஓட்டிப் பழகினவங்க முன்பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க, பின்னாடி நிக்கிற படகுல பலமா ஒரு இடி விழும். இன்னொண்ணு, இன்ஜினை நியூட்ரல்ல போட்டா திருப்புற சக்தியும் பெரும்பாலும் போயிடும், ஏன்னா விசிறி (ப்ரொப்பெல்லர்) தள்ளுற தண்ணி சுக்கான்மேல பட்டாத்தான் படகு பேச்சைக் கேக்கும். பிரேக் கிடையாது. நிறுத்தணும்னா ரிவர்ஸ்தான், ரிவர்ஸ்ல திருப்ப முடியாது. அதனால எதுவா இருந்தாலும் நீங்க நினைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்கணும்.

கால்வாயோட நடுவுலயே போங்க, ஓரம் ஆழமில்லை. எதிர்ல படகு வந்தா வலது பக்கம் ஒதுங்குங்க, கார் மாதிரி இடது இல்லை. ஆனா தூரத்துல பார்த்ததுமே பதறி ஒதுங்கினா சேத்துல ஏறிடுவீங்க. கிட்ட வந்தப்புறம் ஒதுங்கினாப் போதும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். அந்த வேகத்தையே பெரும்பாலும் தொடமாட்டீங்க, தொடவும் வேண்டாம். பின்னாடி திரும்பிப் பாருங்க, அலை கரையில உடைஞ்சா வேகம் அதிகம்னு அர்த்தம். ஆழமில்லாத இடத்துல இன்ஜினை முறுக்கினா வால் கீழ இறங்குமே தவிர வேகம் கூடாது. கட்டி வெச்சிருக்கிற படகுகளைத் தாண்டும்போது இன்ஜின் அணையாத அளவுக்கு மட்டும் குறைங்க. அதுல ஆட்கள் குடியிருக்காங்க, நீங்க வேகமாப் போனா அவங்க கயிறு இழுபட்டு, உள்ள அடுப்புல இருக்கிற டீ தரையில இருக்கும்.

யாராவது தண்ணியில விழுந்தா முதல் வேலை இன்ஜினை நியூட்ரல்ல போடறது. கத்துறது ரெண்டாவது. திரும்பிப் போய் எடுக்கிறேன்னு ரிவர்ஸ் போட்டா, விழுந்தவர் பக்கத்துலதான் விசிறி சுத்தும். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவுதான், "எழுந்து நில்லு"ன்னு சொன்னாலே பாதி பிரச்சனை தீரும். பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் எந்த அளவுல வேணும்னு முன்பதிவு செய்யும்போதே சொல்லிடுங்க, அன்னைக்குக் காலையில போய் நின்னா பெரியவங்களுதுதான் மிச்சம் இருக்கும்.

சாயங்காலம் வந்து பாதையைப் பத்தி எழுதறேன். ஃபாக்ஸ்டனையும் மறக்கலை.

பனாட்டு

வணக்கம் தங்கச்சி. நாங்கள் ஹரோவில இருக்கிறம். அம்மாவுக்கு எண்பது தாண்டினாப்பிறகுதான் அங்க கூட்டிக்கொண்டு போனனாங்கள். வாடகைப் படகு எடுக்கேல்லை. பாலத்தடியில இருக்கிற ட்ரெவர் ஊரில இருந்து ஆக்களை ஏத்திக்கொண்டு பாலத்துக்கு மேலால போய்த் திரும்பிற படகு இருக்கு, அதில போனது. லாங்கோலென் ஊருக்குப் போனா குதிரை இழுக்கிற படகும் இருக்கு, 1884 தொடக்கம் ஓடுதாம். பிள்ளையளுக்கு அதுதான் கூடப் பிடிச்சது, குதிரைக்கு ஆளுக்கொரு பேர் வைச்சு வழி முழுக்கச் சண்டை.

நான் சொல்ல வாறது என்னெண்டா, உங்கட அம்மா பயந்தவ எண்டா ஒரு நாள் முழுக்க அவவைப் படகுக்குள்ள வைச்சிருக்கிறது சரியில்லைத்தானே. அப்பாவுக்குப் பாலம் பாக்கவேணும், அவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்தில காட்டிப்போட்டு, நல்ல சாப்பாட்டுக் கடை ஒண்டில இருக்கலாம். படகு ஓட்டுறவர் ஆரோ ஒராள், நாள் முழுக்க நிண்டுகொண்டுதான் ஓட்டவேணும். அந்த மனிசனுக்கு விடுமுறையே இல்லை.

வாசவி_லெஸ்டர்

இருபத்தோரு லாக் அண்ணா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. என் வீட்டுக்காரர் படிச்சுட்டு "ரிவர்ஸ்ல திருப்ப முடியாதா?"ன்னு வெளுத்துப் போயிருக்கார். பனாட்டு அக்கா, நீங்க சொல்றதும் சரியாத்தான் படுது. ஆனா அப்பாகிட்ட பயணிகள் படகுன்னு சொன்னேன், முகம் சுருங்கிடுச்சு. "யாரோ ஓட்டி நான் ஜன்னல்ல பார்க்கவா?"ங்கிறார். முட்டி வலியை வெச்சுக்கிட்டு டில்லரைப் பிடிக்கணும்னு ஆசை வந்துடுச்சு போல.

பாதையைப் பத்தி எழுதுங்க அண்ணா. லாக் எதுவும் இல்லாம இருந்தா நல்லது. டாய்லெட்டும் கேட்க மறந்துட்டேன்!

இருபத்தோரு லாக்

பனாட்டு சொல்றது நியாயம்தான், அம்மாவுக்கு. ஆனா மதகைத் திறந்து மூடி வேலை பார்த்த மனுஷனை அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார வெச்சா அது தண்டனை. அப்பா கொஞ்ச நேரம் டில்லரைப் பிடிக்கட்டும். நேரா இருக்கிற இடத்துல, நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு. உயரமான ஸ்டூல் ஒண்ணு கிடைக்குமான்னு கேளுங்க, சில படகுகள்ல இருக்கும்.

பாதை. ட்ரெவர்ல படகு எடுத்தா ரெண்டு திசை. ஒண்ணு லாங்கோலென் பக்கம், இன்னொண்ணு பாலத்தைக் கடந்து சர்க் ஊர்ப் பக்கம். ரெண்டுலயும் லாக் கிடையாது. எல்லாரும் லாங்கோலென்தான் அழகுன்னு சொல்வாங்க. அழகுதான், மலைச்சரிவை ஒட்டியே போகும். ஆனா முதல் தடவைக்கு நான் சொல்லமாட்டேன். அங்க சில இடத்துல கால்வாய் ஒரே ஒரு படகுக்குத்தான் அகலம். ஒரு ஆள் இறங்கி முன்னாடி நடந்து போய், எதிர்ல வருதான்னு பார்த்துச் சொல்லணும். கோடை விடுமுறையில அங்க படகுகள் மூக்கோட மூக்கு வெச்சு நிக்கிறதைப் பார்த்திருக்கேன். 1945 செப்டம்பர்ல அந்தப் பக்கம் கரை உடைஞ்சு, கீழ போன ரயில் பாதையையே அரிச்சுட்டுப் போய், வந்த சரக்கு ரயில் கவிழ்ந்து டிரைவர் இறந்துபோனார். சரிவுல கால்வாயை வெட்டினா தண்ணி எப்பவும் வெளியேற வழி தேடிக்கிட்டே இருக்கும்னு உங்க அப்பாவுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதனால சர்க் பக்கம். படகை எடுத்ததுமே பெரிய பாலம். பாலத்துல ஒரே நேரத்துல ஒரு திசைதான், எதிர்ல படகு ஏறியிருந்தா காத்திருக்கணும். அந்தக் காத்திருப்புலதான் அப்பாவோட கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

பழைய நீர்ப்பாலங்கள்ல கல்லைக் கட்டி, உள்ள மிதிச்சுக் குழைச்ச களிமண்ணைப் பூசித்தான் தண்ணியைத் தேக்கினாங்க. அந்தக் களிமண்ணோட பாரத்துக்கே பாலம் தடிமனா வேணும். 38 மீட்டர் உயரத்துல அது கட்டுப்படியாகாது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் களிமண்ணை விட்டுட்டு இரும்புத் தகடுகளைப் பூட்டித் தொட்டியாவே செஞ்சுட்டாங்க. பாரம் குறைஞ்சதால தூணும் ஒல்லியாச்சு. 18 தூண், ஒரு உயரத்துக்கு மேல உள்ளுக்குள்ள காலி. 1795ல அடிக்கல், 1805 நவம்பர்ல திறப்பு. இன்னொரு விஷயம் அவர் கண்டிப்பா ரசிப்பார்: தொட்டியோட அடியில ஒரு அடைப்பான் இருக்கு. பழுது பார்க்கணும்னா ரெண்டு முனையையும் அடைச்சுட்டு அதைத் திறந்துவிடுவாங்க, கால்வாய் அப்படியே அருவியா, கீழ ஓடுற டீ (Dee) நதியில விழும்.

பாலம் தாண்டினதும் ஃப்ரோன்கசுல்தே ஊர்ல ஒரு தூக்குப் பாலம் குறுக்க வரும். யாராவது இறங்கி விண்ட்லஸ் (கையால சுத்துற இரும்புக் கைப்பிடி) போட்டுச் சுத்தித் தூக்கணும், படகு தாண்டினதும் மறுபடி இறக்கணும். பெரியவனுக்கு இந்த வேலை பிடிக்கும், உங்க வீட்டுக்காரர் கூட நிக்கட்டும். அப்புறம் ரெண்டு சுரங்கம். ரெண்டாவது சர்க் சுரங்கம், 421 மீட்டர். நேரா இருக்கும், அந்த முனை வெளிச்சம் இங்கிருந்தே தெரியும். உள்ள ஒரு விளக்கு நகர்ந்தா எதிர்ப்படகு வருது, வெளியிலேயே நில்லுங்க. உங்க முன்விளக்கைப் போட மறக்காதீங்க. மேல இருந்து சொட்டும், மழைக்கோட்டு கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்.

சுரங்கத்தை விட்டு வெளிய வந்ததும் சர்க் பாலம். 1801ல திறந்தது, 21 மீட்டர் உயரம், பெரியதுக்கு அண்ணன்னு வெச்சுக்கோங்க. இது கல் வளைவுப் பாலம், ஆனா கால்வாய்ப் படுகைக்கு மட்டும் இரும்புத் தகடு. ஒரே ஆளுங்க, நாலு வருஷ இடைவெளியில கல்லிலிருந்து இரும்புக்கு எப்படிப் போனாங்கன்னு ஒரே நாள்ல பார்க்கலாம். பக்கத்துலயே, இன்னும் உயரமா, ரயில் பாலம். வேல்ஸும் இங்கிலாந்தும் பிரியிற எல்லை அடியில ஓடுற கெய்ரியோக் ஆறுதான். இந்த ரெண்டு பாலத்தோட சேர்த்து 18 கிலோமீட்டர் கால்வாயை 2009ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது.

இப்பதான் முக்கியமான கணக்கு. இந்தக் கால்வாய்ல தண்ணி ஓடுது. பெரும்பாலான கால்வாய்ல நீரோட்டம்னு சொல்ற மாதிரி இருக்காது, இங்க உண்டு. லாங்கோலெனுக்கு மேல ஹார்ஸ்ஷூ அணையில டீ நதியிலிருந்து தண்ணியை எடுத்து, ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு, குடிநீருக்குக் கொண்டுபோறாங்க. 1944ல சட்டப்படி இந்தக் கால்வாயை மூடினாங்க, ஆனா இந்தத் தண்ணிக்காகத்தான் தூர்க்காம விட்டுவெச்சாங்க. இல்லேன்னா இன்னைக்கு நாம பேசிக்கிட்டிருக்க ஒண்ணும் இருந்திருக்காது.

உங்களுக்கு அதனால என்னன்னா, சர்க் போகும்போது நீரோட்டம் கூட வரும், திரும்பும்போது எதிர்க்கும். சுரங்கத்துலயும் பாலத்துலயும் தொட்டி குறுகல், படகு தண்ணியைப் பிளந்துக்கிட்டுப் போகவே இடமில்லாததால இன்னும் மெதுவா நகரும். பாதி நேரம் போய்ட்டு பாதி நேரத்துல திரும்பிடலாம்னு கணக்குப் போடாதீங்க. பகல் 12 மணி ஆனா எங்க இருந்தாலும் அடுத்த திருப்புமிடத்துல திருப்பிடுங்க. நினைச்ச இடத்துல திருப்ப முடியாது. கரையைக் குடைஞ்சு அகலப்படுத்தின இடங்கள் இருக்கும், மூக்கை அதுக்குள்ள சொருகி வாலைச் சுத்தணும். எங்கெங்கன்னு வரைபடத்துல குறிச்சுத் தரச்சொல்லுங்க. நேரம் தாண்டினா சில இடத்துல முன்பணத்துல பிடிப்பாங்க, அதைவிட மோசம், இருட்டுல பழகாத ஆள் டில்லர்ல நிக்கிறது.

அப்பா முட்டிக்கு: படகுல ஏர்றதுதான் சிரமம், உள்ள வந்துட்டா நடக்கவே வேண்டாம். கரைக்கும் படகுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், அப்புறம் கேபினுக்குள்ள ரெண்டு மூணு படி கீழ இறங்கணும். கரையோட ஒட்டி ரெண்டு கயிறும் இறுக்கிக் கட்டினப்புறம்தான் அவர் காலை எடுத்து வைக்கணும். கை குடுக்கிறவர் கரையில இல்ல, படகுக்குள்ள நிக்கணும். முன்தளத்துல உட்கார இடம் இருக்கும், இன்ஜின் சத்தம் அங்க எட்டாது. அம்மாவுக்கும் அதுதான் நல்ல இடம், பாலம் வர்ற வரைக்கும்.

டாய்லெட் பெரும்பாலும் இருக்கும். சின்னது, ஆனா இருக்கும். முன்பதிவு பண்றப்ப கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

மெல்லப்போ

அண்ணன் சொன்னா சரிதான். ஆனா என் கட்சியையும் பதிவு பண்ணிடறேன். ஃபாக்ஸ்டன்ல படகு எடுத்து மார்க்கெட் ஹார்பரோ வரைக்கும் போனா, அஞ்சரை மைல், லாக் கிடையாது, உயரம் கிடையாது, நீரோட்டம் கிடையாது. வழியில சுழல் பாலம் வரும், அவ்வளவுதான். அம்மா நிம்மதியா இருப்பாங்க. லாக் படிக்கட்டைக் கரையில நின்னு வேடிக்கை பார்க்கலாம். அங்க மதகுகளுக்குச் சிவப்பு, வெள்ளைன்னு ரெண்டு நிறம் அடிச்சிருப்பாங்க. முதல்ல சிவப்பு, அப்புறம் வெள்ளை. மாத்தித் திறந்தா தண்ணி நிரம்பி வழியும். பக்கத்துலயே பழைய சாய்தளம் இருந்த இடம், 1900ல படகையே தொட்டியோட சேர்த்து நீராவியில மேல இழுத்தாங்க. 12 நிமிஷ வேலை. லாக் வழியா ஒரு மணி நேரத்துக்கு மேல.

இருபத்தோரு லாக்

இதுல எனக்கு மறுப்பே இல்லை. சாய்தளம் செலவு கட்டுப்படியாகாம சில வருஷத்துலயே நின்னுபோச்சுங்கிறதையும் அப்பாகிட்ட சொல்லுங்க, அரசாங்க வேலை பார்த்தவர், சிரிப்பார். முடிஞ்சா ஃபாக்ஸ்டன்ல ஒரு ஞாயித்துக்கிழமை கரையில மட்டும் சுத்திட்டு, படகை ட்ரெவர்ல எடுங்க.

எதை எடுத்தாலும் பள்ளி விடுமுறையில சனி ஞாயிறு வேண்டாம். பாலத்துல வரிசை நிக்கும், உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் பொறுமையில்லாம நிப்பார், பதட்டத்துல எல்லாத் தப்பும் வரும்.

வாசவி_லெஸ்டர்

முடிவு பண்ணிட்டோம். ட்ரெவர், செவ்வாய்க்கிழமை, சர்க் பக்கம். பாலத்துக்கு முன்னாடி அம்மா இறங்கிக்கிறாங்க, என் வீட்டுக்காரர் அவங்களோட இருப்பார் (படகுல இருந்து தப்பிக்க அவர் கண்டுபிடிச்ச வழி!). ஆனா அப்ப படகுல பெரியவங்கன்னு நானும் அப்பாவும் மட்டும்தான். போதுமா? அப்புறம் அம்மா ரைஸ் குக்கர் எடுத்துக்கிட்டு வரலாமான்னு கேக்கறாங்க. சிரிக்காதீங்க.

இருபத்தோரு லாக்

போதாது. டில்லர்ல ஒருத்தர், சின்னவனோட ஒருத்தர், தூக்குப் பாலத்துக்கு ஒருத்தர்னு மூணு பேர் வேணும். அப்பாவை விண்ட்லஸ் சுத்த இறக்கிவிட முடியாது. உங்க வீட்டுக்காரருக்குத் தப்பிக்க வழியில்லைன்னு சொல்லுங்க. அம்மா உள்ள கரைப்பாதை ஜன்னலோரம் சின்னவனோட உட்கார்ந்துக்கட்டும், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. அதுக்கும் முடியலேன்னா, நண்பர் யாரையாவது கூட்டிக்கோங்க. எத்தனை பேர் ஏறலாம்னு படகுக்குப் படகு ஒரு வரம்பு இருக்கு, முன்பதிவு பண்ணும்போதே ஆள் கணக்கைச் சொல்லிடுங்க.

பனாட்டு

அம்மாவுக்குச் சொல்லுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் பாட்டுப் படிச்சா மூண்டாம் பாட்டுக்குள்ள அக்கரை வந்திடும். என்ர அம்மா அப்பிடித்தான் போனவ. திரும்பி வரேக்க கண்ணைத் திறந்துகொண்டுதான் வந்தவ.

இருபத்தோரு லாக்

ரைஸ் குக்கர் வேண்டாம். நாள் வாடகைப் படகுல அந்த அளவுக்கு மின்சாரம் இருக்காது, பேட்டரிதான். காஸ் அடுப்பு ஒண்ணு இருக்கும், கெட்டில் இருக்கும். சோத்தை வீட்டுல வடிச்சு ஹாட்பேக்ல எடுத்துக்கிட்டு, ரசத்தை மட்டும் அங்க சூடு பண்ணுங்க. அடுப்பு எரியும்போது கதவைக் கொஞ்சம் திறந்து வெக்கணும். கேபின் சுவர்லயும் கூரையிலயும் காத்துக்கு ஓட்டைகள் விட்டிருப்பாங்க, குளிருதுன்னு அம்மா துண்டை வெச்சு அடைச்சுடப் போறாங்க, பார்த்துக்கோங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு காலையில சாவி வாங்கும்போதே கேட்டுடுங்க.